மாரியில் பண்ணைக் கடலில் தூண்டில் போடுவது எப்படி

கார்த்திகை மழை கொஞ்சம் ஓய்ந்ததும் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். நத்தாருக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருகிறவர்கள், பக்கத்து வீட்டுப் பொடியள், பழைய கந்தோர்க்காரர், எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: "அண்ணை, பண்ணையிலை மீன் படுதோ?" பண்ணை என்பது யாழ்ப்பாண நகரத்தை ஒட்டிய கடல்நீரேரிக் கரை, தீவுகளுக்குப் போகும் பாலம் இருக்கிற இடம். அந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மாரியில் தண்ணீர் ஒரு மழைக்கு மாறும், ஒரு இரவுக் காற்றுக்கு மாறும். நேற்று நாலு கொடுவா ஏறிய இடத்தில் இன்று ஒரு கெளிறுகூட முகர்ந்து பார்க்காது. அந்த மாற்றத்தைக் கரையில் நின்றே பார்த்து அறியலாம். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது கொட்டடியில். சைக்கிளில் ஏறினால் பத்து நிமிடத்தில் பண்ணைப் பாலம். தூண்டிலை முதலில் கையில் தந்தவர் குருநகரில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி. யுத்த காலத்தில் கடலில் இறங்க இருந்த கட்டுப்பாடுகளால் நூல் சுற்றிய போத்தல் பல ஆண்டுகள் பரணில் கிடந்தது. 2009க்குப் பிறகுதான் அதை இறக்கித் தூசி தட்டினேன். மாமா அப்போது இல்லை. அவர் சொல்லித் தந்தது மட்டும் ஒன்றும் மறக்கவில்லை.

முதலில் காற்று. ஐப்பசியில் தென்மேற்குக் காற்றான சோளகம் விழுந்து வாடை எடுக்கத் தொடங்கும். வாடை வடகிழக்கால் வருவது. யாழ்ப்பாண நகரம் கடல்நீரேரியின் வடகரையில் இருப்பதால் குருநகர், பாசையூர், கொழும்புத்துறைக் கரைகளில் நிற்பவருக்கு அது முதுகுப் பக்கத்தால் வரும். வீடுகளையும் பனைகளையும் கடந்து வருவதால் கரையோரத் தண்ணீர் பெரிதாக எழும்பாது. அலை போய் அடிப்பது எதிரே பூநகரிப் பக்கத்தில். வடக்குக் கரை இதற்கு நேர்மாறு. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, மயிலிட்டி எல்லாம் மாரி முழுக்கக் குமுறிக்கொண்டே இருக்கும். ஆகவே மாரியில் ஏரிப் பக்கம், சோளகத்தில் வடக்குப் பக்கம். இதை மட்டும் பிடித்துக்கொண்டாலே வெறுங்கையோடு திரும்பும் நாட்களில் பாதி குறைந்துவிடும்.

காற்றின் வேகத்தை அளக்க எனக்குக் கருவி எதுவும் வேண்டாம். எங்கள் வேலியோரப் பனையில் காவோலை, அதாவது காய்ந்த ஓலை, சரசரத்தால் போகலாம். காவோலை கழன்று விழத் தொடங்கினால் வீட்டில் இருக்க வேண்டும். அந்தக் காற்றில் நூல் வில்லாக வளைந்து நிற்கும், மீன் தொட்டாலும் கைக்குத் தெரியாது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்திருந்தால் காவோலையையும் பார்க்க வேண்டியதில்லை. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தபோது, முதல் நாள் பின்னேரம் காற்றே இல்லாமல் ஏரி கண்ணாடிபோலக் கிடந்தது. அந்த அமைதியை நம்பிப் போக ஆயத்தமான இரண்டு பேரை வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பினேன்.

காற்றுக்கு அடுத்தது நன்னீர். என்னைக் கேட்டால் மாரி மீன்பிடியில் முக்கால்வாசி விசயம் இதில்தான் இருக்கிறது.

ஏறத்தாழ 400 சதுர கிலோமீற்றர் பரந்து கிடந்தாலும் எங்கள் ஏரிக்கு ஆழம் இல்லை. பல இடங்களில் நெஞ்சளவு, சில இடங்களில் முழங்காலளவு. குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. வழுக்கியாறு அராலிப் பக்கத்தால் வந்து இறங்கும். நகரத்து வாய்க்கால் எல்லாம் ஏரிக்குத்தான் வரும். வயல் வெள்ளம் மதகு மதகாக வடியும். ஆழமில்லாத ஏரியில் இத்தனை மழைத்தண்ணீர் விழுந்தால் உப்பு சட்டென்று இறங்கிவிடும். ஓரா, ஒட்டி, விளை போன்றவை அதைத் தாங்காமல் மேற்கே ஊர்காவற்றுறைப் பக்கத்து உப்புத் தண்ணீருக்கு விலகிப் போகும். கொடுவாவும் திரளியும் நன்னீர், உவர்நீர் இரண்டிலும் வாழக்கூடியவை. வெள்ளத்தோடு இறாலும் சிறுமீனும் வடிந்து வரும் வாய்களில் கொடுவா காத்துக் கிடக்கும். மாரியில் நீங்கள் தேட வேண்டிய மீன் அதுதான்.

மாமா கரையில் இறங்கியதும் செய்கிற முதல் வேலை, விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைப்பது. "தண்ணியை வாயிலை வைச்சுப் பார் மோனை, பிறகு தூண்டிலை எடு" என்பார். நகரத்து வாய்க்கால் விழும் இடங்களில் இதைச் செய்யாதீர்கள். பாலத்தின் நடுப்பகுதிக்குப் போய்ச் செய்யுங்கள். நாக்கு சுருங்குகிற உப்பென்றால் மழை இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. சப்பென்று இருந்தால் மேல்தண்ணீர் முழுவதும் மழைத்தண்ணீர். இரண்டுக்கும் நடுவில், கஞ்சிக்குப் போடுகிற அளவு உப்புக் கரித்தால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள்.

மேல்தண்ணீர் மட்டும் முழுக்கதையைச் சொல்லாது. மழைத்தண்ணீர் பாரம் குறைந்தது, அதனால் மேலே கிடக்கும். உப்புத் தண்ணீர் கீழே, பாலத்து வாய்களில் தோண்டுப்பட்ட பள்ளங்களில் தங்கி நிற்கும். இதை அறிய மாமாவிடம் ஒரு வழி இருந்தது. ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலின் அடிப்பக்கத்தில் கல்லைக் கட்டுவார். வாயைத் தக்கையால் மெல்ல அடைத்துத் தக்கைக்குத் தனியாக ஒரு நூல் கட்டுவார். போத்தல் அடியில் போய் இருந்ததும் தக்கை நூலை வெடுக்கென்று இழுத்தால், குமிழி மேலே வரும். குமிழி நின்றதும் போத்தலை இழுத்து அடித்தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பார். மேலே சப்பென்றும் கீழே கரிப்பாகவும் இருந்தால் இரையைத் தரையை ஒட்டியே ஓட விட வேண்டும். நான் இப்போதும் சைக்கிள் கூடையில் அப்படி ஒரு போத்தல் வைத்திருக்கிறேன். பலத்த வாடை ஒரு இரவு முழுக்க அடித்தால் இரண்டு தண்ணீரும் கலந்துவிடும். அன்றைக்கு எந்த ஆழத்திலும் போடலாம்.

நிறத்தையும் பாருங்கள். மழை பெய்த அன்று தண்ணீர் வெறும் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். அன்றைக்குப் போய்ப் பயனில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் நிறம் தெளிந்து பச்சை தட்டத் தொடங்கும். முழங்காலளவு தண்ணீரில் நின்று உங்கள் கால்விரல் மங்கலாகத் தெரிந்தால் அதுதான் நாள். விரல் நகம்கூடத் தெளிவாகத் தெரிகிற தண்ணீரில் கொடுவா பகலில் ஏமாறாது, இருட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும். கலங்கலுக்கும் தெளிவுக்கும் இடையில் ஒரு கோடு விழும், பாலத்தில் நின்றால் நன்றாகத் தெரியும். நுரையும் சருகும் அந்தக் கோட்டில் சேர்ந்து நிற்கும். அந்தக் கோட்டின் தெளிந்த பக்கத்தில் இரை விழ வேண்டும்.

அப்புறம் வத்துப் பெருக்கு, அதாவது கடல் வற்றுவதும் பெருகுவதும். எங்கள் பக்கம் பெருக்குக்கும் வத்துக்கும் வித்தியாசம் பெரிதில்லை, இரண்டடி வந்தாலே பெரிய காரியம். ஆனாலும் அவ்வளவு பெரிய ஏரித் தண்ணீர் பாலத்தின் சின்ன வாய்களால் நுழைந்து வெளியேறுவதால் அந்த இடத்தில் இழுவை பலமாக இருக்கும். அமாவாசைக்கும் பூரணைக்கும் முன்பின் மூன்று நாட்கள் இழுவை கூட. அட்டமி, நவமியில் தண்ணீர் சும்மா கிடக்கும். வத்துத் தொடங்கி முதல் ஒன்றரை மணித்தியாலம்தான் என் நேரம். உள்ளே இருக்கிற இறாலெல்லாம் வெளியே இழுபட்டு வரும்போது கொடுவா வாயின் ஓரத்தில், இழுவை படாத நிழலில் தலையை வைத்துக் கிடக்கும். பெருக்கு நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். ஒரு நாள் குறித்து வைத்தால் அடுத்த நாள்களுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த நேரம் விடிகாலையிலோ பொழுதுபடுகிற மைம்மலிலோ விழுந்தால் வேறு எந்த வேலை இருந்தாலும் தள்ளி வையுங்கள். மார்கழியில் திருவெம்பாவைக்காரரின் சங்கும் சேமக்கலமும் கேட்கும் நேரத்தில் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் திறப்பேன்.

பறவைகள் நிறையச் சொல்லித் தரும். ஆலாக்கள் ஒரே இடத்தில் குத்தி விழுந்தால் கீழே சிறுமீன் ஓடுகிறது, பெரியது ஒன்று துரத்துகிறது. கொக்கு நடுஏரியில் நின்றால் அங்கே அதன் கால் அளவுதான் தண்ணீர். நீர்க்காகம் ஒன்று திரும்பத் திரும்ப முழுகும் இடத்தில் பள்ளம் இருக்கிறது. புதுக் கரைக்குப் போனால் நான் கால் மணித்தியாலம் தூண்டிலைத் தொடாமல் பறவைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாமான் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடியும் ரீலும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போத்தலில் சுற்றிய கைத்தூண்டில் போதும். பிரதான நூலுக்கு 0.40 மில்லிமீற்றர் தங்கூசி, அதாவது நைலோன் நூல். தூண்டில் முள்ளுக்கு முன்னால் ஒரு முழத்துக்குத் தடித்த தங்கூசி, 0.60 அளவில், கட்டாயம் கட்டுங்கள். கொடுவாவின் செவுள் மூடி சவர அலகுபோல இருக்கும், மெல்லிய நூலை ஒரு உதறலில் அறுத்துவிடும். ஈயம் இழுவைக்கு ஏற்றபடி. தரையில் ஊன்றி நிற்கக் கூடாது, மெல்ல உருண்டு போக வேண்டும்.

இரைக்கு உயிர் இறாலை மிஞ்ச ஒன்றுமில்லை. மாரியில் இறால் கிடைப்பது சுலபம், பாசையூரிலோ நாவாந்துறையிலோ காலையில் போய்க் கேட்டால் துடிக்கத் துடிக்கத் தருவார்கள். அதைக் குத்துகிற விதத்தில்தான் பலரும் பிழை விடுகிறார்கள். இறாலைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். தலைக்குள் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். அதில் முள் பட்டால் இறால் உடனே செத்துவிடும். அதற்கு முன்னால், கொம்பின் அடியில் வெறும் ஓடு மட்டும் இருக்கிற இடத்தால் முள்ளைக் குறுக்கே விடுங்கள். அப்படிக் குத்திய இறால் கால் மணித்தியாலத்துக்கு மேலும் நீந்தும். விரல்களை நனைத்துவிட்டுப் பிடியுங்கள், காய்ந்த கைச்சூடு அதற்கு ஆகாது. இறால் கிடைக்காத நாளில் சூடை மீனை நீளவாக்கில் கீறிப் போடலாம், திரளிக் குஞ்சும் நல்லது. கணவாய்த் துண்டு போட்டால் கெளிறுதான் வரும்.

போடும்போது வாயின் நடுவில் போடாதீர்கள். இழுவைக்கு மேல்பக்கம் போட்டு, நூலை லேசாகத் தளரவிட்டு, இரை தானாக மிதந்து வாயின் கல்லோரத்துக்கு வர விடுங்கள். அது இயல்பாக வர வேண்டும். இழுத்தால் கெட்டது. கொடுவா கடிப்பதில்லை, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். நூலில் முதலில் ஒரு "டொக்", பிறகு பாரம். அந்தப் பாரம் வந்த பிறகுதான் வெடுக்கென்று வெட்டி இழுக்க வேண்டும், "டொக்"குக்கு வெட்டினால் இறாலைப் பறித்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். ஏறிய மீன் தண்ணீருக்கு வெளியே பாய்ந்து தலையை உதறும். பாயும்போது தடியின் நுனியைத் தாழ்த்துங்கள், விழுந்ததும் உயர்த்துங்கள். கல்லுக்குள் போக மட்டும் விடாதீர்கள்.

இரண்டு மார்கழிக்கு முன் கனடாவிலிருந்து மருமகன் வந்திருந்தான். அவன் இருப்பது கால்கரியில். அந்த ஊருக்கு நடுவால் போ என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதில் ட்ரவுட் என்ற மீனை இறகாலும் நூலாலும் கட்டிய செயற்கைப் பூச்சியைப் போட்டுப் பிடிப்பார்களாம், பனிக்காலத்திலும் போவார்களாம். தடியின் வளையங்களில் பனிக்கட்டி பிடித்து நூல் ஓடாது, அடிக்கடி உடைத்துவிட வேண்டும் என்றான். அந்தக் குளிரில் மீன் ஆழமான, மெதுவாக ஓடும் இடங்களில் அசையாமல் கிடக்கும், துரத்தி வராது, சின்னஞ்சிறு பூச்சியைத் தரையோடு மெதுவாக அதன் வாய்க்கு நேரே மிதக்க விட வேண்டும், அதுவும் நடுப்பகலில், தண்ணீர் கொஞ்சம் சூடேறிய நேரத்தில். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எங்கள் ஏரி மார்கழியிலும் குளிர்வதில்லை, ஆனால் அவன் ஆற்றில் குளிர் செய்கிற வேலையை இங்கே நன்னீர் செய்கிறது. இரண்டு இடத்திலும் மீன் தனக்குத் தோதான ஒரு சின்ன இடத்துக்கு ஒதுங்கிவிடுகிறது.

"மாமா, இறால் மாதிரி ஒண்டு கட்டித் தாறன், போட்டுப் பாப்பமோ?" என்றான். வெள்ளை இறகு, கொஞ்சம் மினுங்கல் நூல், கண்ணுக்கு இரண்டு சின்ன மணி. மூன்றாம் நாள் தண்ணீர், வத்துத் தொடங்கிய நேரம், வாடை முதுகில். அவனுடைய தடித்த நூல் காற்றோடு அழகாக விரிந்து போய் விழுந்தது. ஐந்தாறு தரம் ஒன்றுமில்லை. "நடுவிலை வேண்டாம் தம்பி, கல்லோரமா விடு" என்றேன். விட்டான். தண்ணீர் ஒரு பக்கம் உப்பி எழும்பியது, தடி வளைந்தது. முழங்கை நீளக் கொடுவா. இறகால் கட்டிய பூச்சிக்குப் பண்ணையில் மீன் ஏறியதை அன்றுதான் கண்டேன். அவன் விட்டுப்போன அந்தப் பெட்டியில் இன்னும் எட்டு இருக்கின்றன. இறால் கிடைக்காத நாள்களில் அவற்றைச் சாதாரணத் தடியில் ஒரு சிறு ஈயத்தோடு போடுகிறேன், நன்றாகவே வேலை செய்கின்றன.

கடும் மழைக்குப் பிறகு உப்பாறு, தொண்டைமானாறுத் தடுப்பணைகளில் கதவு திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அதன் வெளிப்பக்கத்துக்குப் போகலாம். கதவுக்கு நேர் கீழே நிற்காதீர்கள். அந்த இழுவையில் கால் வழுக்கினால் நல்ல நீச்சல்காரனும் தப்புவது கடினம். ஐம்பது மீற்றர் தள்ளி, வேகம் அடங்கிச் சுழிக்கிற இடத்தில் நில்லுங்கள். பெரிய மீனும் அங்கேதான் நிற்கும்.

பாலத்துக் கற்களில் மாரியில் பாசி பிடிக்கும், வெறுங்கால் அல்லது ரப்பர் செருப்போடு இறங்க வேண்டாம். இடி கேட்டால் தடியைக் கீழே வைத்துவிட்டு உடனே வெளியேறுங்கள். திறந்த பாலத்தில் உயரமாக நிற்பது நீங்களும் உங்கள் தடியும்தான். கெளிறு ஏறினால் கையால் பிடிக்காமல் நூலை வெட்டிவிடுங்கள். 2016இல் ஒரு கெளிற்றின் பக்கமுள் என் உள்ளங்கையில் ஏறியது. தோள்வரை வலி விண்ணென்று தெறித்தது. ஓராவின் முள்ளும் அப்படித்தான் நச்சு. குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காயத்தை அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருங்கள், வலி இறங்கும். முள் உள்ளே முறிந்திருக்கலாம், ஆகவே ஆஸ்பத்திரிக்கும் போகத்தான் வேண்டும். அன்றிலிருந்து நான் ஒரு சுடுதண்ணிப் போத்தல் கொண்டுபோகிறேன், தேத்தண்ணிக்கும் உதவும்.

ஏரிக்குள் கம்பு நட்டு வலை கட்டி மீன் பிடிக்கிற களங்கட்டிகளின் கம்புகளுக்குக் கிட்டே தூண்டில் போடாதீர்கள். அங்கே மீன் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வலை ஒரு வீட்டின் அடுப்பு. உங்கள் முள் கொழுவிக் கிழிந்தால் அவர்களுக்கு இரண்டு நாள் உழைப்புப் போய்விடும். தெரியாமல் கொழுவிவிட்டால் நூலை அறுத்துக்கொண்டு ஓடாமல், காத்திருந்து அந்த அண்ணையிடம் சொல்லுங்கள். நான் அப்படிச் சொல்லப்போய்த்தான் நாவாந்துறையில் எனக்கு மூன்று நல்ல சிநேகிதர் கிடைத்தார்கள்.

சின்னக் கொடுவாவை விட்டுவிடுங்கள். மிகப் பெரியதையும் விடச் சொல்வேன். கொடுவா முதலில் ஆணாக இருந்து வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன். கைநீளம் கடந்த கொடுவா பெரும்பாலும் முட்டையிடுகிற தாய். நடுத்தர அளவுதான் குழம்புக்கும் ருசி. கூழுக்கு ஒட்டியும் நண்டும் இறாலும் சந்தையில் வாங்கலாம்.

அறுந்த தங்கூசியை அங்கே எறியாதீர்கள். மண்டைதீவுப் பக்கம் ஒரு கொக்கைக் கண்டேன். இரண்டு காலும் நூலில் சுற்றுப்பட்டு, ஒரு கால் வீங்கிக் கறுத்திருந்தது. துவாயால் அதன் தலையை மூடிப் பிடித்து ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுக்க இருபது நிமிடம் போனது. விட்டதும் ஒற்றைக் காலில்தான் நின்றது, பிறகு பறந்தது. அன்றிலிருந்து அறுந்த நூலுக்கென்று ஒரு பழைய பால்மா டின் வைத்திருக்கிறேன். என்னோடு வருகிறவர்களின் துண்டுகளும் அதற்குள்தான் போகும்.

வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள். மாரி ஈரத்தில் உப்பு ஒரே இரவில் துருவேற்றிவிடும். பிறகு ஒரு கொப்பியில் நாலு விசயம் எழுதுங்கள்: மழை பெய்து எத்தனையாம் நாள், காற்று எப்படி, தண்ணீரின் நிறமும் உப்பும், வத்துத் தொடங்கிய நேரம். மீன் படாத நாளையும் எழுதுங்கள். என்னிடம் இப்படி ஐந்து கொப்பிகள் இருக்கின்றன. யாராவது கூப்பிட்டு "அண்ணை, படுதோ?" என்று கேட்டால் நான் முதலில் வெளியே போய்ப் பனையைப் பார்க்கிறேன், அப்புறம் கொப்பியைத் திறக்கிறேன்.